முகத்துவாரத்தில் பத்துப் பாகம் கயிறு

முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு சேருகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பெரியவர் மணலில் நின்று கயிறு அளந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் அகல விரிப்பார், நெஞ்சருகே மடக்குவார், மறுபடி விரிப்பார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு ஐயா?"

"பத்துப் பாகம் தம்பி. நங்கூரத்துக்கு."

பாகம்! அப்பப்பா இறந்த பிறகு அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. வல்வெட்டித்துறையில் தோணியில் போய்வந்தவர் அவர். கிணற்றுக் கயிற்றைக்கூடப் பாகக் கணக்கில்தான் வாங்குவார்.

பொல்கொட ஏரியில் பாய்ப்படகு ஓட்டப் பழகுவதற்காகத்தான் இந்த மாசியில் கொழும்புக்கு வந்தேன். அங்கே எல்லாச் சொல்லும் ஆங்கிலம். வலப்பக்கம் ஸ்டார்போர்ட், இடப்பக்கம் போர்ட். வலம், இடம் என்றே சொன்னால் என்ன என்று முதல் நாள் எரிச்சலாக இருந்தது. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து பாயை இழுத்தபோதுதான் விளங்கியது. என் வலம் மாறும், படகின் வலம் மாறாது. பழைய வட ஐரோப்பியப் படகுகளில் சுக்கான் என்பது வலப்பக்க விளிம்பில் பிடித்த அகலத் துடுப்பு. திருப்புகிற பக்கம் என்பதே ஸ்டார்போர்ட். துடுப்பு இடிபடாமல் இருக்க மறுபக்கத்தைத்தான் கரையில் அணைப்பார்கள். அந்த இடப்பக்கத்துக்கு முன்பு லார்போர்ட் என்று பெயர். இரைச்சலில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் 1844இல் பிரித்தானியக் கடற்படை போர்ட் என்றே சொல்ல வேண்டுமென்று கட்டளையிட்டது.

வேகத்தைச் சொல்லும் நாட் என்பதும் கயிற்றில் போட்ட முடிச்சுத்தான். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பலகைத் துண்டைக் கட்டிக் கடலில் விட்டு, 28 விநாடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே போகிறதென்று எண்ணினார்கள். இன்றைய கணக்கில் ஒரு நாட் என்றால் மணிக்கு 1852 மீற்றர்.

ஆனால் என்னை உலுக்கியது ஃபாதம். ஆழம் அளக்கும் ஆங்கிலச் சொல், ஆறு அடி. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் விரித்த கைகள். பெரியவரின் பாகமும் அதேதான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இரண்டு கரையிலும் கயிறும் கையும் இருந்தன, அவ்வளவுதான்.

கடன் வாங்கியவையும் உண்டு. சுக்கான் அரபியிலிருந்து வந்தது, நங்கூரம் பாரசீகத்திலிருந்து. அன்று காலைதான் கறுவாத்தோட்டத்து அருங்காட்சியகத்தில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹெயின் கல்வெட்டின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். 1409ஆம் ஆண்டுத் தேதி, 1911இல் காலியில் கிடைத்த கல். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. கப்பல்காரர்கள் தமிழ் படிப்பார்கள் என்று சீனத்திலிருந்து வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தபோது நெஞ்சு நிறைந்தது.

கடல் அன்று குளம்போலக் கிடந்தது. "சோழகம் எழும்பினா இப்படி நிக்க ஏலாது" என்றார் பெரியவர். தென்மேற்கே துறைமுக அலைதாங்கியைக் கட்டியதும் அந்தத் தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் அலைக்கும் பயந்துதான். 1885இல் அது முடிந்தது. அதைக் கட்டியதால்தான் பெரிய கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்தன.

அவருடைய படகின் முன்முனையில் கைவைத்து, "இது அணியம்தானே?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊர் தம்பி?" சொன்னேன். ஒன்றும் பேசாமல் கயிற்றின் நுனியை என் கையில் தந்தார். அளந்தேன். அவர் பத்தில் முடித்த கயிறு எனக்குப் பத்துப் போயும் ஒரு முழத்துக்கு மேல் மிஞ்சியது.

"உங்கட கை கட்டை. நங்கூரம் இறக்கிற ஆள்தான் அளக்கவேணும்" என்று வாங்கி, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.