355 மி.மீ. பிரேக் டிஸ்க் வாங்கும் முன் ரிம்முக்குள் அட்டை வைத்துப் பாருங்கள்

மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதையில் மூன்றாவது சுற்றிலேயே பிரேக் பெடல் தரைக்குப் போய்விட்டது. நீண்ட நேர்ப்பாதைகள் இரண்டு, அவை முடிகிற 1, 15 வளைவுகள் இரண்டிலும் பிரேக்கை அமுக்கி மிதித்தாக வேண்டும். என் கார், ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் 312 மி.மீ. முன் டிஸ்க்குக்கு அது சோதனைதான்.

"நாலு பிஸ்டன் செட் போட்டுடுங்க அண்ணே, சரியாயிடும்" என்றார்கள் பட்டறையில். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில் நாலு பிஸ்டன் உள்ள அந்த செட்டை 355 மி.மீ. டிஸ்க்கோடு வாங்கினேன். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருந்தது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லையென்றால் டிஸ்க்கில் உரசுகிற பேட் சூட்டில் பிடியை விட்டிருக்கிறது. எனக்கு முதல் வகை. டாட் 4 தர ஆயில் புதிதில் கொதிக்காமல் 230 டிகிரி செல்சியஸாவது தாங்க வேண்டும், ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155தான். காரில் கிடந்ததோ மூன்று வருட ஆயில். அதையும் பேடையும் மட்டும் மாற்றி ஒரு நாள் ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

செட்டை மாட்டப் போன முதல் நாள் வீண். 18 இன்ச் ரிம்முக்குள் டிஸ்க் தாராளமாக அடங்கியது, ஆனால் காலிப்பரின் முகம் ஸ்போக்கில் இடித்தது. செட் விற்பவரிடம் காலிப்பரின் அளவுப்படத்தை வாங்கி, அட்டையில் வெட்டி, ரிம்முக்குள் சுற்றிப் பாருங்கள். 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் ஈயத்தையும் கணக்கில் எடுங்கள்.

ரிம்மை வெளியே தள்ளி வைக்கிற 10 மி.மீ. தட்டு, அதாவது ஸ்பேசர், போட்டுத் தப்பித்தேன். நடுத்துளை 57.1 மி.மீ., போல்ட் 14×1.5, நீளம் 10 மி.மீ. கூடுதல். கடைக்காரர் கொடுத்தது கூம்புத் தலை போல்ட். கம்பெனி ரிம்முக்கு உருண்டைத் தலைதான் வேண்டும். கூம்பு விளிம்பில் மட்டும் உட்காரும். முறுக்கு அளக்கும் டார்க் ரெஞ்ச் 120 நியூட்டன் மீட்டர் என்று 'டிக்' அடிக்கும், ஓட ஓடத் தளரும். சரியான போல்ட்டுக்காகக் கடைக்கு இன்னொரு நடை.

உச்சம் இனிமேல்தான். பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தும் பெடல் அதே பஞ்சு. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்று விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கீழே படுத்து டார்ச் அடித்தேன்: காற்று எடுக்கிற நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது! இடது, வலது காலிப்பரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். காற்று மேலே தங்கிவிடும், எவ்வளவு ஊற்றினாலும் வராது. பிஸ்டன் அளவு வேறுபடும் காலிப்பரென்றால் பேடும் சாய்வாகத் தேயும். மாற்றி மாட்டி மறுபடி காற்று எடுத்ததும் பெடல் கொஞ்சம்தான் இறங்கியது.

புது பேடைப் பழக்க, 100 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு எட்டுப் பத்துத் தடவை பிரேக் போடுங்கள், முழுதாக நிறுத்தாமல். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் படிந்து, அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஸ்டீயரிங் உதறும்.