செக்‌ஷன் 15 வக்கீல்

மார்ச் 4

இந்த மாதம் முழுக்க ஜேம்ஸ் லாஹீடைப் பற்றிப் படிப்பதாக இருக்கிறேன். கனடாவின் அல்பெர்ட்டாவில் உள்ள கால்கரியின் முதல் தலைமுறை வக்கீல்களில் பெரிய ஆள். கொலை வழக்குகளில் வாதாடிப் பேர் வாங்கியவர் என்றால் அது அயர்லாந்திலிருந்து வந்த பேடி நோலன். லாஹீட் வேறு ரகம். அவருடைய பிழைப்பும் புகழும் நிலத்தோடு வந்தவை.

1854ல் டொராண்டோ பக்கம் பிராம்ப்டனில் பிறந்தார். தச்சுவேலை தெரிந்த குடும்பம், இவரும் கற்றுக்கொண்டார். 1881ல் வக்கீல். அடுத்த வருஷம் வின்னிபெக் போனார். மனை வியாபாரம் அங்கே கொடிகட்டிப் பறந்து, அந்த வருஷமே சரிந்தும் விழுந்தது. தண்டவாளம் மேற்கே நகர நகர இவரும் கூடவே நகர்ந்தார். மெடிசின் ஹாட், அப்புறம் 1883ல் கால்கரி.

மார்ச் 9

நான் வேலை பார்ப்பது வக்கீல் ஆபீஸில், வீடு வாங்கல் விற்றல் பத்திரங்கள். அதனால் எனக்கு இவர் கதையில் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புல்வெளி நிலம் முழுவதையும் கனடா அரசு சதுரம் சதுரமாக அளந்தது. ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். குடியேறுகிறவருக்கு அதில் கால் பங்கு, 160 ஏக்கர். பத்து டாலர் கட்டி மூன்று வருஷம் குடியிருந்து உழ வேண்டும். செக்‌ஷன் 11ம் 29ம் பள்ளிகளுக்கு. மற்ற ஒற்றைப்படை எண்களில் பெரும்பகுதி கனேடியன் பசிபிக் ரயில்வேக்கு. ஊருக்கு வெளியே உள்ள நிலத்துக்கு இன்றும் இதே எண்களைத்தான் பத்திரத்தில் எழுதுகிறோம்.

1883 ஆகஸ்டில் ரயில் வந்தபோது ஜனங்கள் எல்போ ஆற்றின் கிழக்குக் கரையில், செக்‌ஷன் 14ல் கூடியிருந்தார்கள். ஸ்டேஷன் அங்கேதான் வரும் என்று நம்பிக்கை. ரயில்வே ஆற்றைத் தாண்டிப் போய் செக்‌ஷன் 15ல் நிறுத்தியது. 15 ஒற்றைப்படை, ரயில்வேயின் சொந்த நிலம். 1884 தொடக்கத்தில் மனை விற்பனை ஆரம்பித்ததும் ஊரே எழுந்து அந்தக் கரைக்குப் போய்விட்டது. உறைந்த ஆற்றின்மேல் கட்டடங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். லாஹீட் அந்தப் பக்கம் மனைகள் வாங்கினார். ரயில்வேயின் வக்கீலும் ஆனார்.

1887லிருந்து டோரன்ஸ் முறை வந்தது. அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், மூலப்பத்திரம் தேடி அலைய வேண்டியதில்லை. வாங்குகிறவருக்கு நிம்மதி, உண்மைதான். ஆனால் இந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்துக்கு முன்னால் சிக்சிகா, கைனை, பிகானி, சூட்டினா, ஸ்டோனி நகோடா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். இந்த நிலம் பற்றி அவர்களும் அரசும் 1877ல் கையெழுத்திட்ட ஏழாம் ஒப்பந்தத்துக்கும் ரயில் வந்ததற்கும் நடுவே ஆறே வருஷம்தான். அதை நினைக்காமல் இந்த மனைக் கதையை ரசித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மார்ச் 15

இன்று பெல். இசபெல்லா கிளார்க் ஹார்டிஸ்டி. 1884 செப்டம்பரில் லாஹீடுக்கு மனைவியானவர். அப்பா வில்லியம், வடக்கே மெக்கென்சி மாவட்டத்தில் ஹட்சன் பே என்ற ரோம வியாபாரக் கம்பெனியின் பெரிய அதிகாரி. பெல் மேட்டி இனத்தவர், அதாவது பழங்குடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சம்.

உறவைப் பாருங்கள். சித்தப்பா ரிச்சர்ட், 1888ல் அல்பெர்ட்டா பகுதியின் முதல் செனட்டர், அதாவது கனடா நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். அத்தையின் கணவர் டொனால்ட் ஸ்மித், ரயில்வேயின் பெரும்புள்ளி. 1885 நவம்பரில் அந்தப் பாதையின் கடைசி ஆணியை அடித்தவர். கையில் காசில்லாமல் வந்த இளம் வக்கீலுக்கு இப்படி ஒரு பெண் வீடு! லாஹீடின் திறமையை நான் குறைக்கவில்லை. தனி ஆளாக முன்னுக்கு வந்தவர் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அதே 1885 மே மாதம் பட்டோஷில் மேட்டி மக்கள் அரசுப் படையிடம் தோற்றார்கள். நவம்பரில் அவர்கள் தலைவர் லூயி ரியேலை ரெஜைனாவில் தூக்கிலிட்டார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெல் கால்கரியில் அந்தச் செய்திகளை எந்த மனநிலையில் கேட்டிருப்பார்?

மார்ச் 16

ரிச்சர்ட் 1889 அக்டோபரில் இறந்தார். அந்த இடத்துக்கு டிசம்பரில் லாஹீட். வயது 35. சாகும்வரை செனட்டர்.

மார்ச் 23

செனட் கூடும் மாதங்களில் தலைநகர் ஆட்டவாவில் இருக்க வேண்டும். ஆபீஸை யார் பார்ப்பது? 1897ல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து ஆர்.பி. பென்னட் என்ற 26 வயதுக்காரரைக் கூட்டாளியாக அழைத்துவந்தார். இருபத்தைந்து வருஷம் ஓடிய கூட்டு 1922ல் கசப்பில் உடைந்தது. பென்னட் 1930ல் பிரதமரானார். அதைப் பார்க்க லாஹீட் இல்லை, 1925லேயே காலமாகிவிட்டார்.

அரசியலில் நான் அவரை மதிப்பது முதல் உலகப் போர்க்காலத்துக்காக. 1915ல் ராணுவ மருத்துவமனைக் கமிஷனின் தலைவர். கை கால் இழந்தும் காசநோயோடும் திரும்பிய சிப்பாய்களுக்கு வைத்தியமும் புதுத் தொழிற்பயிற்சியும் கொடுப்பது அதன் வேலை. 1918ல் அதற்கென்றே துறை வந்தபோது இவரே அந்தத் துறையின் முதலாவது அமைச்சர். ஏற்கெனவே 1916ல் சர் பட்டம் கிடைத்திருந்தது.

மார்ச் 30

பதின்மூன்றாம் அவென்யூவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தேன். 1891ல் கட்டியது. 1886 தீ விபத்துக்குப் பிறகு ஊரே மணற்கல்லுக்கு மாறியிருந்தது, இதுவும் மணற்கல்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் வெளிச்சுவர்க் கல்லில் உளி கொத்திய மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுகிறது.

இந்த வீட்டை நடத்தியவர் பெல். ஆறு பிள்ளைகளை வளர்த்து, விருந்தாளிகளை உபசரித்து, கணவர் ஆட்டவாவில் இருந்த காலமெல்லாம். பொருளாதார மந்தத்தில் குடும்பச் சொத்து கரைந்தது. வரி பாக்கிக்காக 1934ல் நகராட்சி வீட்டை எடுத்துக்கொண்டது. பெல் மட்டும் அங்கேயே தங்க அனுமதித்தார்கள், 1936ல் இறந்தார். 1938ல் தட்டுமுட்டு எல்லாம் ஏலம். ஊருக்கே பத்திரம் எழுதிய வக்கீலின் குடும்பத்துக்கு அந்த வீடு மிஞ்சவில்லை. அப்போது பேரன் பீட்டருக்குப் பத்து வயது. அவரும் வக்கீலுக்குப் படித்து, 1971ல் அல்பெர்ட்டாவின் முதல்வரானார்.