முக்திநாத்தில் கிடைத்த சேவை

ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டு திவ்ய தேசங்களில் பரமபதமும் திருப்பாற்கடலும் இந்த உடம்போடு போகிற இடங்கள் இல்லை. மீதி 106இல் 105 இந்தியாவில் இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான், முக்திநாத், எல்லை தாண்டி நேபாளத்தில், முஸ்தாங் மாவட்டத்தில், 3,700 மீட்டர் உயரத்துக்கும் மேலே. என் மாமியார் அந்த 105ஐயும் சேவித்தவர். பாக்கி ஒன்றுக்கு மாமனாரோடு சேர்ந்து போவதாக வேண்டுதல், அவர் முந்திக்கொண்டார். "கால் நடக்கும்போதே என்னை அழைச்சுண்டு போயிடுங்கோ" என்று அந்த அம்மா சொன்னபிறகு தட்டமுடியவில்லை.

காத்மாண்டுவில் முதலில் பசுபதிநாதர். பழுத்த வைஷ்ணவரான அம்மா உள்ளே வருவாரோ என்று எங்களுக்கு உள்ளூரச் சந்தேகம். அங்கே மூலவருக்குப் பூஜை செய்பவர்கள் கர்நாடகத்திலிருந்து போன பட்டர்கள் என்று கேட்டதும், "நம்ம பக்கத்து மனுஷாளா!" என்று முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குப் போகும் சின்ன விமானம் காலையில் மட்டும்தான் பறக்கும். வெயில் ஏறிவிட்டால் காளி கண்டகி பள்ளத்தாக்கில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். அன்றைக்கு மேகம் மூடிவிட்டதால் விமானம் இல்லை. பயண ஏற்பாடு செய்தவர் கையை விரித்துவிட்டு ஜீப்புக்குத் தனியாகப் பணம் கேட்டார். வார்த்தை தடித்தது. கடைசியில் கொடுத்துத் தொலைத்தோம். பேனி தாண்டியபின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, திருமங்கையாழ்வார் இந்தத் தலத்துக்கே பாடிய "சாளக்கிராமம் அடை நெஞ்சே" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜீப் ஓட்டிய நேபாளிப் பையன் கண்ணாடியில் பார்த்தான், தன் சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டான். சாப்பிட நிறுத்திய இடத்தில், நாங்கள் பூண்டு வெங்காயம் சேர்க்கமாட்டோம் என்று அவனே அடுக்களை வரை போய்ச் சொல்லி, சோறும் பருப்பும் தயிரும் வாங்கிவந்து வைத்தான். நன்றாக இருக்கட்டும் அந்தப் பிள்ளை.

கோயிலுக்குக் கீழே இருக்கும் ராணிபௌவாவில் இறங்கியதும் குதிரைக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். பத்தடி நடந்தால் கேட்ட தொகை பாதியாகிறது. அது இந்திய ரூபாயா நேபாள ரூபாயா என்பதை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். நம் 100 ரூபாய் அங்கே 160. மேலே போனால் நம் ஊர்க் கூட்டம். தீர்த்தத் தாரைகளுக்குக் கீழே முண்டியடித்து, காலி ஷாம்பு பாக்கெட்டையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். பெருமாள் எப்படித்தான் பொறுக்கிறாரோ.

அந்த 108 தாரைகளிலும் வருவது பனி உருகிய தண்ணீர். தலையில் பட்டதும் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அம்மா ஒரு தாரையைக்கூட விடவில்லை. ஈரம் மாற்றிக்கொண்டு சன்னிதிக்கு வந்தபோது பல் கிட்டித்து, ஸ்ரீமூர்த்திப் பெருமாளைப் பார்த்துப் பேச வாய் எழவில்லை.

உள்ளே செம்மண் நிற ஆடையில், தலையை ஒட்ட வெட்டிய ஒரு பௌத்தப் பிக்குணி இருந்தார். அம்மா கை ஏந்தினார். நடுக்கத்தில் விட்ட தீர்த்தமெல்லாம் விரலிடுக்கில் வழிந்துவிட்டது. மறுபடியும் அப்படியே. அந்தப் பிக்குணி செம்பைக் கீழே வைத்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வாங்கி, சூடு வரும்வரை பரபரவென்று தேய்த்துவிட்டார். பின்னால் வரிசை சத்தம் போட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குளித்து மடியாக நின்றால் பேரனைக்கூடத் தொடவிடாத என் மாமியார், குழந்தை மாதிரி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார். அப்புறம் விட்ட தீர்த்தம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அம்மாவின் கண்களில் நீர் வழிந்ததே, அதைப் பார்க்கத்தான் பெருமாள் என்னையும் அழைத்தார் போலும்.

நாம் திருமால் என்று சேவிக்கிற அதே மூர்த்தியை அவர்கள் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்வதும் பிக்குணிகள்தான். அவர்கள் ஜபமாலையிலும் மணி 108, நம் துளசி மாலையிலும் 108. பக்கத்திலேயே ஜ்வாலா மாயி. பாறை இடுக்கில் இயற்கை வாயு நீலச் சுடராக எரிய, அருகிலேயே தண்ணீர் ஓடுகிறது. அங்கேயும் விளக்கைக் காட்டியது ஒரு பிக்குணிதான். நம் பாசுரம் ஒன்றுகூடத் தெரியாதவர்கள் நம் பெருமாளை இத்தனை உயரத்தில், இந்தக் குளிரில், வருஷம் முழுக்கக் காத்து வருகிறார்கள். இவர்களுக்கு எந்த ஜன்மத்தில் கடன் அடைப்பது? அந்தக் கைகளுக்குப் பல்லாண்டு.

வழியெல்லாம் சாளக்கிராமக் கல் விற்றார்கள், விலை கேட்டதோடு சரி. காக்பேனியில் மாமனாருக்குத் தர்ப்பணம் ஆயிற்று. பொக்காரா திரும்பி, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அம்மா ஆரம்பித்தார்: "புத்தர் பிறந்த லும்பினி இந்த நாட்டில்தானே இருக்காம்? அந்தப் பொண்ணோட பகவானையும் ஒரு நடை பார்த்துட்டு வந்துடலாமே." டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று என் கணவர் போனை எடுத்தார்.