வடக்குக் காடுகளில் யார் சொல் எடுபடுகிறது?

2010 மே மாதம் கனடாவில், 21 மரத்தொழில் நிறுவனங்களும் 9 சூழலியல் அமைப்புகளும் ஏழு கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்ட வடபுலக் காட்டைப் பற்றித் தங்களுக்குள் பேசி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தலைமுறை தலைமுறையாக அக்காட்டில் வாழ்ந்துவரும் பழங்குடி மக்களுக்கு அந்தப் பேச்சில் இடமே தரப்படவில்லை. வெட்டுபவரும் காப்பவரும் சமாதானமாகிவிட்டால் காட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று இரு தரப்பும் நம்பியதுதான் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

அதன்பிறகு பழங்குடிகளின் மரபறிவைப் போற்றும் பேச்சு பெருகிவிட்டது. ஆனால் அந்த அறிவு எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறது, அதற்கு முடிவை மாற்றும் வலு உண்டா என்பவையே முக்கியமான கேள்விகள் என்று நான் கருதுகிறேன்.

சுவீடனின் வடபகுதியில் சாமி எனப்படும் பழங்குடி மக்கள் பனிமான்களை மேய்க்கிறார்கள். குளிர்காலத்தில் அவை பனியைத் தோண்டித் தரையிலுள்ள லைக்கன்களை (பாசி போலப் படர்ந்து வளரும் உயிரினங்களை)த் தின்னும். இடையில் வெப்பம் கூடி மழை பெய்து மீண்டும் உறைந்துவிட்டால், பனியின்மேல் கெட்டியான பனிக்கட்டிப் படலம் உருவாகி, மான்களின் குளம்புக்குத் தரை எட்டாமல் போகிறது. அத்தகைய நாட்களில் மேய்ப்பர்கள் மந்தையை, கிளைகளில் லைக்கன் தொங்கும் முதிர்ந்த காடுகளுக்கு ஓட்டிச் செல்கிறார்கள். அவ்வகை லைக்கன் மெதுவாகவே பரவும் என்பதால், ஒட்டுமொத்தமாக வெட்டி மறுபடி நட்ட இளங்காட்டில் அது பல பத்தாண்டுகளுக்குக் கிடைப்பதில்லை. எந்தக் காடு எந்தப் பருவத்தில் உயிர்காக்கும் என்பது மேய்ப்பருக்குத் தெரியும்; வெட்டுவதற்குமுன் அவரோடு கலந்து பேசும் நடைமுறையும் இருக்கிறது. ஆயினும் திட்டம் வரையப்பட்ட பின்பே பெரும்பாலும் பேச்சு தொடங்குவதாலும், கடைசி முடிவு பொதுவாக நில உரிமையாளர் கையில் இருப்பதாலும், அவ்வறிவு வெறும் ஆட்சேபக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது.

கனடாவின் கியூபெக் மாநிலம் கிரீ பழங்குடி மக்களோடு 2002 பிப்ரவரியில் செய்த ஒப்பந்தம் வேறு வழியில் சென்றது. அதில் காட்டு மேலாண்மையின் அலகாகவே கிரீக் குடும்பங்களின் வேட்டைப் பரப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு பரப்புக்கும் பொறுப்பான வேட்டைக்காரர், தம் மக்களுக்கு முக்கியமான இடங்களுக்கென அப்பரப்பில் 1 சதவீதத்தைக் குறித்துக்கொடுக்கலாம். விலங்குகளின் வாழிடத்தைக் கருதி வெட்டுமுறையை மாற்றியாக வேண்டிய பகுதியாக மேலும் 25 சதவீதத்தையும் அடையாளம் காட்டலாம். மூஸ் மான் குளிர்காலத்தில் எங்கே ஒதுங்கும் என்ற அறிவு இங்கே வரைபடத்தில் ஓர் எல்லைக்கோடாகிறது. அறிக்கையின் பின்னிணைப்பில் தூங்கும் அறிவைவிட இது எவ்வளவோ மேல். எனினும், திட்டங்களுக்கு இறுதி ஒப்புதல் தரும் அதிகாரம் மாநில அரசிடமே நீடித்தது என்பதையும் மறக்கக்கூடாது.

அதிகாரத்தையே பகிர்ந்துகொள்வதற்கும் முன்னுதாரணம் உண்டு. அது கனடாவின் மேற்குக் கரையிலுள்ள கடலோர மழைக்காடு. ஹைடா குவாய் தீவுக்கூட்டத்தில் மரவெட்டை எதிர்த்து 1985இல் அங்குள்ள ஹைடா பழங்குடி மக்கள் சாலையை மறித்துக் கைதானார்கள். 1993இல் உருவான ஒப்பந்தத்தின்படி, தீவுகளின் தென்பகுதியை நிர்வகிக்கும் வாரியத்தில் ஹைடா தேசத்துக்கும் கனடா அரசுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் உண்டு. முடிவுகள் ஒருமித்த கருத்தை நாடியே எடுக்கப்படுகின்றன. நிலம் யாருடையது என்பதில் இரு தரப்பும் உடன்படாததால், இரண்டு நிலைப்பாடுகளையும் ஒப்பந்தத்தில் அருகருகே எழுதிவைத்துவிட்டு, அந்தக் கருத்து வேறுபாடு தீரும்வரை காத்திராமல் நிர்வாகத்தைத் தொடங்கினார்கள்.