படகும் ஓடாது, ஸ்நோமெஷினும் ஓடாது

அலாஸ்காவின் பெத்தல் ஊருக்கும் பெரிய நகரமான ஆங்கரேஜுக்கும் நடுவே 640 கிலோமீட்டர். சாலை கிடையாது. பெத்தலைச் சுற்றி யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் ஐம்பது கிராமங்களுக்குக் குறையாமல் உண்டு. பெரும்பாலும் யூப்பிக் என்ற பூர்வகுடி மக்கள். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனியில் ஓடும் ஸ்நோமெஷின் வண்டி (ஸ்நோமொபைல் என்றால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்). ஆறு உறையத் தொடங்கும் அக்டோபர், நவம்பரிலும் பனி உடையும் மே மாதத்திலும் இரண்டுமே ஓடாத சில வாரங்கள் வரும். அப்போது விமானம் மட்டும்தான். மற்ற எல்லா ஏற்பாடும் அந்த வாரங்களை மனதில் வைத்தே நடக்கிறது.

முதல் கவலை எண்ணெய். ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகு வரும். கரையிலிருந்து ஹோஸ் போட்டு கிராமத்துத் தொட்டிகளில் டீசலை நிரப்பிவிட்டுப் போகும். மின்சார ஜெனரேட்டரும் வீட்டு ஹீட்டரும் அடுத்த பார்ஜ் வரை அதிலேதான் ஓட வேண்டும். கணக்கு தப்பினால் மிச்சத்தை விமானத்தில் கொண்டுவர வேண்டும், வாடகை முழுதும் காலன் விலையில் ஏறும். ஹீட்டர் நின்றால் பலர் முதலில் பர்னரைக் கழற்றுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். தொட்டிக்குள் வேர்த்த ஈரம் அடியில் தங்கி, ஃபில்டரில் உறைந்து அடைத்திருக்கும். இலையுதிர் காலத்திலேயே அடித் தண்ணீரை வடித்துவிட்டால் ஜனவரியில் இந்தத் தொல்லை வராது.

மளிகைக்குப் பைபாஸ் மெயில் என்ற தபால் ஏற்பாடு. ஒரு ஆர்டர் குறைந்தது 1,000 பவுண்டு இருக்க வேண்டும். பலகை மேடையில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றிய சரக்கு, தபால் நிலையத்துக்கே போகாமல் நேராக விமான நிறுவனத்துக்குப் போய்விடும். பெத்தல் வரை பெரிய விமானம், அங்கே பிரித்துச் சின்ன விமானம். மூடுபனி போட்டால் அட்டைப்பெட்டி எல்லாம் பெத்தலிலேயே கிடக்கும். அதனால் அனுபவமுள்ள கடைக்காரர் மாவு, டயப்பருக்குத் தாராளமாகவும் முட்டை, வாழைப்பழத்துக்குக் கை இறுக்கியும் ஆர்டர் போடுவார். விமானம் வருவதை விமான நிறுவனத்தின் கிராமத்து ஏஜென்ட் விஎச்எஃப் ரேடியோவில் சொன்னதும் ஹோண்டாக்கள் ஓடுதளத்துக்குக் கிளம்பும். எந்த நிறுவனம் செய்த நான்கு சக்கர வண்டியானாலும் இங்கே பெயர் ஹோண்டாதான்.

ஆறு நன்றாக உறைந்துவிட்டால் அதன் மேலேயே கார் ஓடும். சில ஆண்டுகளில் இந்தப் பனிச்சாலை 200 மைலைத் தாண்டும். வெண்பனியைத் தள்ளுவது வழிக்காக மட்டும் இல்லை. பனி போர்வை மாதிரி கிடந்தால் கீழே பனிக்கட்டி தடிக்காது. உறையாத இடங்களை வில்லோக் குச்சி நட்டு, ஒளிரும் டேப் சுற்றிக் குறிப்பார்கள். குச்சி எந்தப் பக்கம் என்று பார்த்து ஒதுங்கினால் போதாது, முந்தின நாள் வந்த அறிவிப்பையும் கேட்க வேண்டும்.

குழாய் எட்டாத வீடுகளில் கழிப்பறை என்பது ஹனி பக்கெட்: 5 காலன் வாளி, உள்ளே கனமான பை, மேலே இருக்கை. முக்கால் நிறையும் முன்பே பையைக் கட்டிவிட வேண்டும். மரப்பலகை நடைபாதையில் ஒரு பலகை தூக்கி நின்றாலும் பையை ஏற்றிப் போகும் வண்டி குலுங்கும், சிந்தும். சிந்தியது வசந்தத்தில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் உருகும். குளிக்க, துவைக்க, குடிநீர் எடுக்க வாஷடீரியா என்ற ஊர்ப் பொதுக் கட்டடம்.

மருத்துவமனை பெத்தலில். கிராமத்து கிளினிக்கில் அந்த ஊர்க்காரரே ஹெல்த் எய்டாக, அதாவது சுகாதாரப் பணியாளராக இருப்பார். நான்கு கட்டப் பயிற்சி, கையேடு, தொலைபேசியில் டாக்டர். நோயாளியை இரவில் ஏற்ற வேண்டுமானால் ஓடுதள விளக்கு எரிய வேண்டும். விமானி தன் மைக்கைச் சில முறை அழுத்தித் தூரத்திலிருந்தே அதை ஏற்றுவார். விளக்குகள் பனியில் புதைந்திருந்தால் அழுத்தியும் பயனில்லை, ஆகவே ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் யாராவது மண்வெட்டியோடு போய் அவற்றைத் தோண்டி வெளியே எடுக்க வேண்டும்.