பழைய டிரக்கில் பவர் ஸ்டீயரிங் பம்ப் மாற்றி ஏர் எடுத்த அனுபவம்

எங்கள் பழைய டிரக்கை நின்ற இடத்தில் வளைக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் முனகியது. நாளடைவில் அது கனக்கவும் தொடங்கியது. ஸ்டீயரிங் ஆயில் குறைந்தாலும், பம்பைச் சுழற்றும் பெல்ட் நழுவினாலும் இதே அறிகுறிகள் தோன்றக்கூடும் என்பதால் அவற்றை முதலில் பார்த்தேன், இரண்டிலும் குறையில்லை. ஆனால் டிப்ஸ்டிக்கைத் துடைத்த வெள்ளைத் துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, கறுத்த ஆயிலுக்கு நடுவே நுண்ணிய உலோகத் துகள்கள் மினுங்கின. ஆயிலை அழுத்தித் தள்ளும் பம்பின் உள்ளே சுழலும் சிறு தகடுகளான வேன்களோ, அவை உரசும் வளையமோ தேய்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பம்பை மாற்றத் தீர்மானித்தேன்.

கழற்றுவதில் சிக்கல் அதிகம் இல்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்து, ஆயில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸை உருவி ஆயிலை வடித்தேன். பிரஷர் லைனின் நட்டுக்கு மட்டும் நட்டை ஏறக்குறைய முழுவதும் சுற்றிப் பிடிக்கும் பிளேர் நட் ஸ்பேனரைப் பயன்படுத்தினேன். பழைய வண்டிகளில் சாதாரண ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். எங்கள் வண்டியில் புல்லி, தண்டின் மேல் அழுத்திப் பொருத்தப்பட்ட வகை. அதை உருவுவதற்குப் புல்லரும், புதிய பம்பில் ஏற்றுவதற்குத் தண்டின் மரையைப் பிடித்து அழுத்தும் தனிக் கருவியும் தேவை. சுத்தியலால் தட்டியே ஏற்றிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. ஒவ்வோர் அடியும் தண்டின் வழியாக உள்ளே இருக்கும் பாகங்களில் இறங்கும் என்பதால், நான் அந்த யோசனையை ஏற்கவில்லை.

பழைய ஆயிலில் மிதந்த துகள்கள் ஸ்டீயரிங் பாக்ஸிலும் லைன்களிலும் தங்கியிருக்கும். அவற்றை வெளியேற்றாவிட்டால் புதுப் பம்பும் விரைவிலேயே தேயும். எனவே முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்கின் ரிட்டர்ன் வாயை அடைத்து, ஹோஸின் முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். என்ஜினை இயக்காமல் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பிக்கொண்டே, கையேட்டில் குறிப்பிட்ட வகைப் புது ஆயிலை டேங்கில் ஊற்றி, பாட்டிலில் தெளிவான ஆயில் விழும்வரை தொடர்ந்தேன். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸையும் கிளாம்பையும் கையோடு மாற்றினேன். அந்த ஹோஸில் அழுத்தம் இல்லை, உறிஞ்சுதலே உண்டு. ஆகவே அங்கே கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே கசியாமல் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

ஏர் எடுக்கும்போது, அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, பலர் டேங்கை நிரப்பியவுடனே என்ஜினை இயக்கிவிடுகிறார்கள். அப்போது பம்ப், உள்ளே இருக்கும் காற்றை ஆயிலோடு சேர்த்து மோர் கடைவதுபோல் கடைந்து நுரையாக்கிவிடும். அந்த நுரை அடங்க வெகுநேரம் பிடிக்கும். அதனால் என்ஜினை நிறுத்தியே வைத்து, ஹோஸை மீண்டும் மாட்டியபின் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக, ஏறக்குறைய 20 முறை திருப்பினேன். டேங்கில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அளவு இறங்க இறங்க ஆயிலை ஊற்றினேன். டேங்க் ஒருமுறை வற்றினாலும் காற்று மறுபடி உள்ளே புகுந்து, அதுவரை செய்த வேலை வீணாகிவிடும். குமிழ் நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படியே விட்டுவைத்தேன். சில டிரக்குகளில், பிரேக் மிதிக்கும் விசையைக் கூட்டும் பிரேக் பூஸ்டரும் இதே பம்பிலிருந்துதான் அழுத்தம் பெறுகிறது. அத்தகைய வண்டியானால் பிரேக் பெடலையும் பலமுறை மிதித்து அந்தப் பகுதியின் காற்றையும் எடுக்க வேண்டும்.

அதன் பிறகே என்ஜினை இயக்கி, ஐடிலில் ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பினேன். கோடியில் 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அப்போது மிகையான அழுத்தத்தைத் தணிக்கும் ரிலீப் வால்வு திறந்து, ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். முனகல் மறைந்திருந்தது. ஆனாலும் சத்தம் போனதை மட்டும் வைத்துக் காற்று முழுவதும் போய்விட்டது என்று கொள்ள முடியாது. என்ஜின் ஓடும்போது டேங்கில் ஆயில் நிற்கும் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, என்ஜினை நிறுத்திப் பார்த்தேன். அழுத்தத்தில் சுருங்கியிருந்த காற்று விரிந்தால் மட்டம் சட்டென்று உயரும். எங்கள் வண்டியில் அது குறித்த கோட்டிலேயே நின்றது.