381654729, ரெண்டு நாளா விடாம பிடிச்சு வச்சிருக்குற நம்பர்

38 கோடியே 16 லட்சத்து 54 ஆயிரத்து 729. 1-ல இருந்து 9 வரைக்கும் எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வருது, அதுல என்ன இருக்குன்னு தோணும், ஆனா இடது பக்கத்துல இருந்து ஒவ்வொரு இலக்கமா சேத்துக்கிட்டே வாங்க. 38, 2-ஆல வகுபடும். 381, 3-ஆல. 3816, 4-ஆல. 38165, 5-ஆல. இப்படியே போயி முழு நம்பரும் 9-ஆல மீதியில்லாம வகுபடுது. இந்த ஒம்போது இலக்கத்தையும் மாத்தி மாத்தி அடுக்குனா 3,62,880 நம்பர் வரும், அதுல இந்த குணம் இருக்குறது இது ஒண்ணுக்குத்தான்.

ப்ரோக்ராம் எழுதுனா கண்ணு சிமிட்டுறதுக்குள்ள விடை வந்துரும், ஆனா தயவுசெஞ்சு பேப்பர் பேனாவோட உக்காருங்க, அதுல இருக்குற சுகமே வேற. 0 கிடையாதுங்கறதால அஞ்சாவது இடத்துல 5 தான். 2, 4, 6, 8-ஆவது இடத்துல இரட்டைப்படை வந்தே ஆகணும், அப்ப மிச்ச இடம் பூரா ஒற்றைப்படைக்கு. மூணாவது இலக்கம் ஒற்றைப்படையா இருந்து 4-ஆல வகுபடணும்னா நாலாவது இலக்கம் 2 இல்லன்னா 6 தான் (12, 16, 32, 36 எல்லாம் சொல்லிப் பாருங்க), 8-ஆவது இடத்துக்கும் அதே கதை, ஆக 4-உம் 8-உம் மிச்ச ரெண்டு இரட்டை இடத்துக்குப் போயிடுது. அப்புறம் முதல் மூணு இலக்கத்தோட கூட்டுத்தொகை 3-ஆல வகுபடணும், முதல் ஆறோடதும் வகுபடணும், அதனால நடுவுல இருக்குற மூணும் தனியா வகுபடணும், அது 258 இல்லன்னா 654, வேற வழியே இல்ல. 9 பத்தி கவலையே வேண்டாம், ஒண்ணுல இருந்து ஒம்போது வரைக்கும் கூட்டுனா 45, எப்படி அடுக்குனாலும் வகுபடும்.

இவ்வளவும் நாம ஸ்கூல்ல படிச்ச வகுபடும் விதிகள்தான். இதோட 6, 7, 8-ஆவது இலக்கம் மூணும் சேந்த நம்பர் 8-ஆல வகுபடணுங்கறதையும் பாத்துட்டா, மூணரை லட்சத்துக்கு மேல இருந்தது சுருங்கி பத்தே பத்து நம்பரா வந்து நிக்குது. மிச்சம் இருக்குறது 7 மட்டும். 7-க்கு லேசான விதி கிடையாதேன்னு சின்ன வயசுல அது மேல எனக்கு அவ்வளவு கோவம், ஆனா இங்க அந்த 7 தான் வந்து பத்துல ஒம்போதை தள்ளி விட்டுட்டு 3816547-ஐ மட்டும் நிறுத்துது. 545221 தடவை, மீதி சுழியம். அந்த வகுத்தல் முடிஞ்சப்ப எனக்கு நெஜமாவே சிலிர்த்துடுச்சு.

சரி, இலக்கம் திரும்ப வரலாம், 0-உம் வரலாம்னு விட்டுட்டா எவ்வளவு நீளம் போகும்? 25 இலக்கம். அந்த நீளத்துல இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான், 3608528850368400786036725. பத்து இடம் வரைக்கும் அடுத்த இலக்கம் எப்பவும் கிடைச்சுரும், அதைத் தாண்டுனா ஒட்டுறதுக்கு பத்து இலக்கம் தான், ஆனா மடங்குகள் 11-க்கு ஒண்ணு, 12-க்கு ஒண்ணுன்னு தள்ளித் தள்ளி வருது, அதனால நெறைய நம்பர் பாதியிலயே நின்னுடுது. இந்த 25 இலக்க நம்பர் பின்னாடி 0-ல இருந்து 9 வரைக்கும் எதை ஒட்டுனாலும் 26-ஆல வகுபடாது.